நீலகிரியில் வாழ்க்கைச் சுழற்சியும் சூழல் மண்டலமும் கற்பிக்கக் கற்றல்: தொடக்கக் கல்வி வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கப்பள்ளி மாணவர்க்கு வாழ்க்கைச் சுழற்சி, சூழல் மண்டலம் ஆகியவற்றைக் கற்பிக்க ஆசிரியர் எவ்வாறு ஆயத்தமாக்கப்பட்டார் என்பதை நீலகிரி மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொருட்பாடம், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் இயற்கைப் பாடம், விடுதலையை ஒட்டிய ஆதாரக் கல்வி, 1986-க்குப் பிந்தைய சூழ்நிலையியல் எனக் கல்விமுறைகள் மாறி வந்துள்ளன. இவை அனைத்தும் ஆசிரியருக்கு உற்றுநோக்கும் முறையைக் கற்றுத்தந்தன. உற்றுநோக்க வேண்டிய இடத்தின் வரலாற்றைக் கற்றுத்தரவில்லை. தேயிலை, புதர்த்தவளை, குறிஞ்சி, மலைப்புல்வெளி ஆகிய நான்கு சான்றுகளின் வழி, நீலகிரியில் இட வரலாறு அறியாமல் இவ்விரு பாடங்களையும் பிழையின்றிக் கற்பித்தல் இயலாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நீலகிரி, தொடக்கக் கல்வி, ஆசிரியர் பயிற்சி, வாழ்க்கைச் சுழற்சி, சூழல் மண்டலம், இயற்கைப் பாடம், தேயிலைத் தோட்டப் பள்ளி, குறிஞ்சி

முன்னுரை

முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என நான்கு படங்களை அம்புக்குறிகளால் வட்டமாக இணைத்துக் காட்டும் வரைபடம் தொடக்க வகுப்புப் பாடநூல்களில் நிலைபெற்ற ஒன்று. முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்னும் வரைபடமும் அத்தகையதே. சூழல் மண்டலம் என்றவுடன் ஒரு குளமும் அதில் பாசி, மீன், கொக்கு ஆகியனவும் வரையப்படுகின்றன. இவை பிழையானவை அல்ல. எனினும் இவ்வரைபடங்கள் எந்த இடத்துக்கும் உரியனவாக அமைந்திருப்பதனாலேயே குறிப்பிட்ட எந்த இடத்தையும் சுட்டாமல் நிற்கின்றன.

நீலகிரி மாவட்டத் தொடக்கப்பள்ளியில் இது ஒரு சிக்கலாக வடிவெடுக்கிறது. அங்குள்ள குழந்தை நாள்தோறும் காணும் தாவரம் தேயிலை. மழைக்கால இரவில் கேட்பது புதர்த்தவளையின் ஒலி. பள்ளிக்கு வரும் வழியில் நிற்பன கற்பூர மரமும் சீகை மரமும் சில்வர் ஓக்கும். இவற்றுள் எதுவும் பாடநூலின் வரைபடத்தோடு எளிதில் பொருந்துவதில்லை. பொருந்தாமையைக் குழந்தை கேள்வியாக எழுப்பும்போது விடை கூற வேண்டியவர் ஆசிரியர். அந்த விடைக்கு அவர் எங்கே, எவ்வாறு ஆயத்தமாக்கப்பட்டார் என்பதே இக்கட்டுரையின் வினா. இவ்வாய்வு வரலாற்று முறையிலும் விளக்க முறையிலும் அமைகிறது.

1. இரு கருத்துகளின் பின்புலம்

வாழ்க்கைச் சுழற்சியைப் படமாக்கி விளக்கும் மரபு ஐரோப்பாவில் மரியா சிபில்லா மெரியன் என்னும் ஓவியரிடம் தெளிவான வடிவம் பெற்றது. 1679-இல் அவர் வெளியிட்ட புழுக்களைப் பற்றிய நூலும், 1705-இல் வெளியிட்ட சுரினாம் நாட்டுப் பூச்சிகளைப் பற்றிய நூலும் குறிப்பிடத்தக்கவை. முட்டை முதல் முதிர்நிலை வரையிலான நிலைகளைப் புழு உண்ணும் செடியின்மீதே அவர் வரைந்தார். உயிரின் பருவங்களும் அது சார்ந்து வாழும் தாவரமும் ஒரே படத்தில் இடம்பெற்றன. பிற்காலப் பள்ளிப் பாடநூல்கள் செடியை நீக்கிவிட்டு அம்புக்குறிகளை மட்டும் வைத்துக்கொண்டன. சூழல் மண்டலம் என்னும் கலைச்சொல்லோ மிகப் பிற்பட்டது. ஆர்தர் டான்ஸ்லி 1935-இல் அதனை அறிமுகப்படுத்தினார். இரண்டும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அலகுகளாகப் பாடத்திட்டத்துக்குள் வந்தமையால், மெரியன் ஒன்றாகக் கண்டவற்றை ஆசிரியர் இரு பாடங்களாகக் கற்பிக்க நேர்ந்தது.

தமிழ் மரபில் இவற்றுக்கு நேரிணையான அறிவியல் கோட்பாடு இருந்தது எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கைகொண்டு வகுப்பதோடு, பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று முதலாக இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொகுத்துரைக்கிறது. ஓர் உயிரின் இளம்பருவத்தைத் தனிச்சொல்லால் வேறுபடுத்தும் மொழி இது. திணைக் கோட்பாடு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாக அந்நிலத்தோடு இணைக்கிறது. இளமைப் பெயரும் கருப்பொருளும் தமிழாசிரியருக்கு அறிமுகமானவை. தொடக்கப்பள்ளியில் தமிழும் அறிவியலும் பெரும்பாலும் ஒரே ஆசிரியரால் கற்பிக்கப்படுவதால், இவ்விணைப்புக்கு வாய்ப்புண்டு என்பது இங்குக் கருதத்தக்கது.

2. மலையை எழுதியோரும் மலையில் கற்பித்தோரும்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மலைமீது சென்றதையடுத்து அங்கு ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் மலையின் உயிரினங்கள் விரிவாகப் பதிவு செய்யப்பட்டன. இம்மாற்றங்களின் குறுக்குவெட்டாகக் கேத்திப் பள்ளத்தாக்கைக் கொள்ளலாம். 1830-களில் இங்கிருந்த அரசுச் சோதனைப் பண்ணையில் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன. 1846-இல் பாசல் மிஷன் தன் நீலகிரிப் பணியை இங்கிருந்து தொடங்கிப் படுகர் குழந்தைகளுக்கான கல்வியில் ஈடுபட்டது. தேயிலையும் பள்ளியும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் ஒரே பள்ளத்தாக்கில் வேரூன்றின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்க்கைச் சுழற்சி பற்றிய நுட்பமான பதிவுகளைச் செய்தவர்களுள் தோட்டத்தோடு தொடர்புடையோர் பலர். கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் பறவைகளை ஓவியமாக வரைந்ததோடு, அவற்றின் கூடு, முட்டை, குஞ்சு பற்றிய குறிப்புகளை ஆலன் ஆக்டேவியன் ஹியூமின் தொகுப்புக்கு அளித்தார். தேயிலை பயிரிட நீலகிரிக்கு வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் அங்கேயே வண்ணத்துப்பூச்சிகளிலும் அந்துப்பூச்சிகளிலும் ஈடுபாடு கொண்டார். நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகள் பற்றிய அவரது நூல் 1891-இல் வெளியானது. பின்னர் இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகளை அவர் எழுதினார்.

நிர்வாகத் துறையிலும் இத்தகைய அறிவு திரண்டது. நிலம், தாவரம், விலங்கு, மக்கள் ஆகியவற்றை ஒருங்கே தொகுத்த நீலகிரி மாவட்டக் கையேடு 1880-இல் வெளியானது. அதனைத் தொகுத்த எச்.பி. கிரிக், சென்னை மாகாணப் பொதுக்கல்வி இயக்குநராகவும் பணியாற்றினார். மலையைப் பற்றிய தகவல்களைத் திரட்டியவரே மாகாணத்தின் கல்வித்துறைக்கும் தலைமை ஏற்றிருந்தார் என்பது வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று. எனினும் மாவட்டக் கையேடு ஆட்சியருக்கான நூலாகவே அமைந்தது. வகுப்பறை வேறு தேவைகளால் வழிநடத்தப்பட்டது. தேர்ச்சி முடிவுக்கேற்ப மானியம் வழங்கும் முறை நடைமுறையில் இருந்த காலத்தில், எழுத்தும் எண்ணுமே பள்ளியின் வருவாயைத் தீர்மானித்தன. 1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் ஆணையம் தொடக்கக் கல்வியில் இயற்கை அறிவியலின் அடிப்படைக் கூறுகளுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. பொருட்பாடம் என்னும் பெயரில் ஓர் இலையையோ கல்லையோ காட்டி அதன் பண்புகளைச் சொல்லவைக்கும் முறை பயிற்சிப் பள்ளிகளில் இடம்பெற்றது. பொருள் மேசைமீது வைக்கப்பட்டது. அது வளர்ந்த இடம் பாடத்துக்கு வெளியே நின்றது.

3. இயற்கைப் பாடத்தின் வருகை

அமெரிக்காவில் வில்பர் ஜாக்மன் 1891-இல் பொதுப்பள்ளிகளுக்கான இயற்கைப் பாட நூலையும், அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக் 1911-இல் விரிவான ஆசிரியர் கையேட்டையும் வெளியிட்டனர். நூலைப் படிப்பதற்கு முன் உயிரைக் காண வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் அடிப்படை. காம்ஸ்டாக்கின் கையேடு ஆசிரியருக்கு ஏற்கெனவே அறிவியல் தெரியும் என எடுத்துக்கொள்ளவில்லை. மாணவரோடு சேர்ந்து காணக் கற்பவராகவே ஆசிரியரைக் கருதியது.

இந்தியாவில் கர்சன் காலத்து 1904-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம், சிற்றூர்ப் பள்ளிகள் வேளாண்மையை நேரடியாகக் கற்பிக்க வேண்டியதில்லை, மாணவரை உற்றுநோக்குவோராகப் பயிற்றுவித்தல் போதும் என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. இதன் தொடர்ச்சியாக இயற்கைப் பாடம் பள்ளிகளில் பரவியது. அவரையை முளைக்கவைத்தல், பட்டுப்புழு வளர்த்தல், பள்ளித் தோட்டம் அமைத்தல் ஆகியவை அதன் வழக்கமான செயல்கள். இச்செயல்களுக்கு ஒரு பொதுப் பண்பு உண்டு: அனைத்தும் ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும். பள்ளியின் கால அட்டவணைக்குள் அடங்கும் வாழ்க்கைச் சுழற்சிகளே பாடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இத்தேர்வு இன்றுவரை தொடர்கிறது.

இக்காலத்தில் கேத்திப் பள்ளத்தாக்கு மீண்டும் கவனம் பெறுகிறது. மார்க் அலெக்சாண்டர் விண்டர்-பிளித் என்னும் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் 1940-களில் கேத்தியிலுள்ள புனித ஜார்ஜ் பள்ளியில் பணியாற்றினார். அவர் நீலகிரியின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். இந்திய வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய அவரது நூல் 1957-இல் வெளியாகி நீண்டகாலம் அடிப்படை நூலாகப் பயன்பட்டது. பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் சூழலைக் கற்று அத்துறையின் முதன்மை அறிஞராகவும் திகழ முடியும் என்பதற்கு அவர் சான்று. அதே வேளையில் அவருக்கு வாய்த்த விடுப்பு, நூலகம், கழகத் தொடர்பு ஆகியவை உறைவிடப் பள்ளி ஆசிரியருக்குரியவை. அவருடைய எழுத்துகள் ஆங்கில ஆய்வுலகை நோக்கியவை. அதே பள்ளத்தாக்கின் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியரை நோக்கியவை அல்ல. ஒரே பள்ளத்தாக்கில் இருவகைக் கல்வி நிகழ்ந்தது; இரண்டுக்கும் இடையே பாலம் அமையவில்லை.

4. ஆதாரக் கல்வி முதல் சூழ்நிலையியல் வரை

1937-இல் வார்தா மாநாட்டில் உருப்பெற்று, ஜாகிர் உசேன் குழுவால் வடிவமைக்கப்பட்ட ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலை நடுவமாகக் கொண்டது. பொது அறிவியல் என்னும் பிரிவில் இயற்கைப் பாடமும் தாவரவியல், விலங்கியல் கூறுகளும் இடம்பெற்றன. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் இக்கல்விமுறையில் பற்றுடையவர். நீலகிரியின் அடிவாரத்துக் கோவை மாவட்டத்தில் அவர் நிறுவிய இராமகிருஷ்ண வித்யாலயம் ஆசிரியர் பயிற்சியில் முக்கியப் பங்காற்றியது. அவர் முன்னின்று தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரனின் ஆசிரியப் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ்வழி ஆசிரியர் உயிரியலைத் தமிழில் கற்க அது வழிசெய்தது.

ஆதாரக் கல்வியின் நடுவத் தொழிலான நூற்பு பருத்தியைச் சார்ந்தது. பருத்தி விதைத்து, காய் வெடித்து, பஞ்சு நூலாகும் வரையிலான தொடர் ஒரு வாழ்க்கைச் சுழற்சிப் பாடமாகவே அமையும். கோவைச் சமவெளிப் பள்ளிக்கு இது இயல்பாகப் பொருந்தியது. உதகை, குன்னூர் உயரத்தில் பருத்தி விளைவதில்லை. உள்ளூர்ச் சூழலை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்திய திட்டமும் உள்ளூர் என்பதைச் சமவெளிச் சிற்றூராகவே உருவகித்திருந்தது.

தோட்டப் பள்ளிகளின் நிலை தனியே நோக்கத்தக்கது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேற்பட்டிருப்பின் கல்வி வசதி செய்துதரத் தோட்ட உரிமையாளரைப் பணிக்கும் விதிகளை வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர்களுக்கு வேலை வழங்கும் நோக்கில் அரசுத் தேயிலைத் திட்டம் உருவாகிப் பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. ஒரு மலைத்தோட்டத்திலிருந்து மற்றொரு மலைத்தோட்டத்துக்குப் பெயர்ந்த இக்குடும்பங்களுக்குத் தேயிலை தலைமுறைகளாகத் தெரிந்த செடி. இவ்வறிவைப் பாடமாக்கும் முயற்சி சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. சட்டம் கட்டடத்தையும் ஆசிரியரையும் மட்டுமே கருதியது.

1986-ஆம் ஆண்டு இருவகையில் முக்கியமானது. அவ்வாண்டு தேசியக் கல்விக் கொள்கை சுற்றுச்சூழல் உணர்வைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் வலியுறுத்தியது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாகவும் அதுவே வித்திட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்புடைய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒன்று கல்வித்துறை ஆவணம், மற்றொன்று வனத்துறை சார்ந்த அறிவிப்பு. மாவட்ட அளவிலான ஆசிரியர் பயிற்சி என்னும் அமைப்பும் உலகு போற்றும் உயிர்க்கோளமும் ஒரே ஆண்டில் தோன்றியும், பின்னது முன்னதன் பாடப்பொருளாக மாறவில்லை.

எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இலும் 2003-இலும் பிறப்பித்த ஆணைகள் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டில் ரிஷிவேலி அனுபவத்தைத் தழுவிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. ஒரே அறையில் பல வகுப்பு மாணவர் பயிலும் மலைப்பள்ளிகளுக்கு இம்முறையின் ஏணியும் அட்டைகளும் பொருத்தமாயிருந்தன. ஆனால் அட்டை மாநிலம் முழுமைக்கும் ஒன்றே. தவளைக்கான அட்டை தஞ்சாவூரிலும் கோத்தகிரியிலும் ஒரே படத்தைக் காட்டியது.

5. பாடநூல் வரைபடத்தில் அடங்காத நான்கு சான்றுகள்

5.1 தேயிலை

விதை, நாற்று, செடி, பூ, காய், மீண்டும் விதை என்பது பாடநூலின் தாவரச் சுழற்சி. தோட்டத்துத் தேயிலை இச்சுழற்சியை நிறைவு செய்யாதபடி பேணப்படும் தாவரம். வெட்டாமல் விட்டால் மரமாக வளரக்கூடிய அதனைக் கவாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்துகின்றனர். கொழுந்தை இடைவிடாது பறிப்பதால் செடி எப்போதும் இலை விடும் நிலையிலேயே இருத்தப்படுகிறது. புதிய செடிகளும் பெரும்பாலும் விதையினின்று அன்றித் தண்டுத் துண்டினின்று பதியமாக உருவாக்கப்படுகின்றன. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசி வெளியிட்ட ரகங்கள் இவ்வாறு பரவியவை.

இங்கே ஒரு சொற்சிக்கலும் உண்டு. பறிக்கும் கொழுந்தை 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்பர். இங்கு மொட்டு என்பது இலைத்துளிர். பாடநூலில் மொட்டு என்பது மலரப்போகும் பூ. தோட்டத்துக் குழந்தை மொட்டு பறித்தபின் பூ எங்கே எனக் கேட்பின் அது அறியாமையன்று; இரு வழக்குகளுக்கு இடையிலான நியாயமான வினா. கவாத்துக் காலம் கடந்து பராமரிப்புக் குறைந்த ஓரச்செடிகளில் வெண்ணிறப் பூவையும் காயையும் காணலாம். அச்செடியருகே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் வாழ்க்கைச் சுழற்சியோடு, மனிதத் தேவைக்காக ஒரு சுழற்சி நிறுத்திவைக்கப்படுவதையும் கற்பிக்க முடியும்.

5.2 புதர்த்தவளை

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளுள் பெரும்பகுதி ராவோர்கெஸ்டஸ் என்னும் பேரினத்தைச் சார்ந்தவை. இந்திய இருவாழ்விகளை ஆராய்ந்தவரும் கரண்ட் சயின்ஸ் இதழின் முதல் ஆசிரியருமான சி.ஆர். நாராயண ராவின் பெயரால் இப்பேரினம் 2010-இல் அமைக்கப்பட்டது. இத்தவளைகள் நீர்நிலையில் முட்டையிடுவதில்லை. ஈரமான மண்ணிலோ இலையிலோ இடுகின்றன. தலைப்பிரட்டைப் பருவம் நீரில் தனியே கழிவதில்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி நிகழ்ந்து சிறுதவளை வெளிவருகிறது.

ஆகவே சோலையை ஒட்டிய பள்ளியில், வெளியே ஒலிக்கும் தவளைக்கும் கரும்பலகையில் வரையப்படும் தவளைக்கும் வாழ்க்கைச் சுழற்சி வேறு. நீலகிரியில் தலைப்பிரட்டை உடைய தவளைகளும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுக் கற்பிக்கும்போது சுழற்சியும் சூழலும் ஒரே பாடமாகின்றன: தேங்கு நீரை நம்பாத இந்த இனப்பெருக்கத்துக்கு ஈரம் இன்றியமையாதது, ஈரம் காக்கும் சோலை குறையும்போது முட்டை காய்கிறது. ஆசிரியர் பயிற்சியில் இச்செய்தி இடம்பெறாவிடில், தலைப்பிரட்டை இல்லாத தவளையைக் குறிப்பிடும் மாணவரின் விடை தவறெனத் திருத்தப்படும் வாய்ப்பே மிகுதி.

5.3 குறிஞ்சி

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை திரளாகப் பூத்து, விதை தந்து மடியும் செடி. இதன் பூப்பு ஆண்டுகள் 1838, 1850, 1862 எனத் தொடங்கி 1934 வரை வரிசையாகப் பதிவாகியுள்ளன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1935-இல் வெளியான குறிப்பு இதற்கு ஆதாரம். அதே கணக்கில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளும் அமைந்தன, அடுத்தது 2030. குறிஞ்சிப் பேரினத்தின் பிற வகைகளுக்குக் கால இடைவெளி வேறு என்பதும், ஒரே வகையிலும் இடத்துக்கு இடம் பூக்கும் ஆண்டு மாறுவதுண்டு என்பதும் ஆசிரியர் அறிய வேண்டியவை.

தொடக்கப்பள்ளிக் காலம் 5 ஆண்டு. குறிஞ்சியின் ஒரு சுழற்சி அதனினும் இருமடங்குக்கு மேல் நீண்டது. 2019-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2030-இல் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும். அதனைச் சேர்த்த ஆசிரியர் அதற்குள் வேறு பள்ளிக்கு மாறுதல் பெற்றிருக்கக்கூடும். இச்சுழற்சியைத் தனியொரு வகுப்போ தனியொரு ஆசிரியரோ கண்டு முடிக்க இயலாது. தலைமுறை கடந்த பதிவால் மட்டுமே அது அறியப்பட்டது. வாழ்க்கைச் சுழற்சி என்பது இங்கு உயிரியல் செய்தியாக இருப்பதோடு வரலாற்றுச் செய்தியாகவும் உள்ளது.

5.4 மலைப்புல்வெளி

மரம் நடுதலே சுற்றுச்சூழல் காத்தல் என்னும் செய்தி பள்ளிகளில் ஆழப் பதிந்துள்ளது. நீலகிரியின் வரலாறு இச்செய்தியைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. மலையின் உயர்பகுதிகளில் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக அமைந்த இயற்கை அமைப்பை, மரமற்ற வெற்று நிலமாகக் கருதியது காலனிய நிர்வாகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆஸ்திரேலியச் சீகையும் கற்பூர மரமும் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் விஸ்கோஸ் கூழுக்காகவும் அவை பெருமளவில் நடப்பட்டன. புல்வெளியைச் சார்ந்து வாழும் வரையாட்டின் வாழிடமும், தோடரின் எருமை மேய்ச்சல் நிலமும் இதனால் சுருங்கின.

தமிழ்நாடு அரசு 2022-இல் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தது. அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையையும் அதே ஆண்டு வகுத்தது. அரசின் கொள்கை மரம் அகற்றுவதைப் பேசும்போது, பள்ளியின் சுற்றுச்சூழல் நாள் விழா மரக்கன்று நடுவதைப் பேசுகிறது. இரண்டும் முரண்பாடல்ல என்பதை விளக்க, எந்த மரம், எந்த நிலத்தில், எக்காலத்தில் நடப்பட்டது என்னும் வரலாறு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பசுமை அனைத்தும் காடு என்னும் எண்ணத்தோடு தேயிலைத் தோட்டத்துக் குழந்தை வளர்வதும் வளராததும் இவ்விளக்கத்தைப் பொறுத்தது.

6. ஆசிரியர் யாரிடம் கற்பது

மேற்கண்ட நான்கையும் ஆசிரியர் அறிய மூன்று வழிகள் தென்படுகின்றன. முதலாவது, பள்ளியைச் சுற்றியுள்ளோரின் அறிவு. கொழுந்து பறிக்கும் பெண் செந்தட்டுப் பேன் தாக்கிய இலையின் நிறமாற்றத்தையும், தேயிலைக் கொசு குத்திய துளிரையும் வேறுபடுத்தி அறிவார். அவர் பள்ளிக்கு அழைக்கப்படுவது பெரும்பாலும் பெற்றோராகவே, அறிவுடையோராக அல்ல. கூடலூரில் பழங்குடிக் குழந்தைகளுக்காக இயங்கும் வித்யோதயா பள்ளி, பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய சமூகங்களிலிருந்தே ஆசிரியர்களை உருவாக்கியது. கோத்தகிரியில் 1990-களிலிருந்து இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, தேன் சேகரிக்கும் இருளர், குறும்பர் ஆகியோரின் அறிவிலிருந்து தன் பணியைத் தொடங்கியது. மலைத்தேனீ எந்தப் பூவின் காலத்தில் எந்தப் பாறைக்கு வருகிறது என்பது வாழ்க்கைச் சுழற்சியும் சூழல் மண்டலமும் இணைந்த அறிவே.

இரண்டாவது, செய்து கற்கும் பயிற்சி. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடைபெற்ற ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் இதற்கு முன்மாதிரி. அது நடுநிலை வகுப்புகளுக்கானது. எனினும் மாணவர் செய்யவேண்டிய சோதனைகளை ஆசிரியர்களே விடுமுறைப் பயிற்சியில் முதலில் செய்து பார்த்தனர். ஈயின் பருவங்களைச் சாணத்தில் நாள்தோறும் பார்த்துக் குறித்த ஆசிரியருக்கு, எதிர்பார்த்த நிலை தோன்றாதபோது என்ன கூறுவது என்பதும் தெரிந்திருக்கும். நீலகிரியின் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மழைக்கால மாலையேனும் தவளையொலி கேட்பதற்கு ஒதுக்கப்படின், அட்டையில் இல்லாத தவளையை ஆசிரியர் அறிய முடியும்.

மூன்றாவது, தொடர்ந்து பேணப்படும் பதிவு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளி மாணவர் ஒரு மரத்தைத் தேர்ந்து அதன் தளிர், பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் குறிக்கின்றனர். இதனைப் பள்ளியின் நடைமுறைக்குள்ளேயே கொண்டுவர இயலும். சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் ஆசிரியர் மாறினும் பள்ளியிலேயே தங்குபவை. அவற்றோடு இயற்கைப் பதிவேடு ஒன்றும் சேருமாயின், குறிஞ்சி பூத்த ஆண்டு, புதர்த்தவளை ஒலிக்கத் தொடங்கிய வாரம், காஞ்சொறி வகைச் செடியில் வண்ணத்துப்பூச்சியின் புழு கண்ட நாள் ஆகியவை கைமாறி வளரும். ஒன்றிரண்டு ஆசிரியரே உள்ள பள்ளியில் வேலைப்பளு ஒரு தடைதான். மாதம் ஒரு பக்கம் என்னும் அளவில் மாணவரே எழுதும் பதிவாக அமைப்பின் அது கூடுதல் சுமையாகாது. எழுத்துப் பயிற்சியாகவும் அமையும்.

முடிவுரை

பொருட்பாடம் முதல் சூழ்நிலையியல் வரை ஆசிரியருக்கு வழங்கப்பட்ட பயிற்சி, உற்றுநோக்கலைப் பொதுத்திறனாகக் கருதியது. மலையைப் பற்றிய நுண்ணறிவு அக்காலமெல்லாம் ஆங்கில ஆய்விதழ்களிலும் மாவட்டக் கையேட்டிலும் தோட்டத் தொழிலாளர், பழங்குடியினர் ஆகியோரின் அன்றாட வாழ்விலும் இருந்தது. இவ்விரண்டும் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் சந்திக்கவில்லை.

தேயிலை நிறுத்திவைக்கப்பட்ட சுழற்சியையும், புதர்த்தவளை மாற்றுச் சுழற்சியையும், குறிஞ்சி பள்ளிக்காலத்தை மீறிய சுழற்சியையும், புல்வெளி தவறாக வாசிக்கப்பட்ட சூழல் மண்டலத்தையும் காட்டுகின்றன. இந்நான்கையும் கற்பிக்க உயிரியல் மட்டும் போதாது. அம்மலையின் இருநூறாண்டு வரலாறும் வேண்டும். நீலகிரி மாவட்டத் தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியில் மாவட்டச் சூழல் வரலாறு ஓர் அலகாக இடம்பெறுதலும், பள்ளிதோறும் இயற்கைப் பதிவேடு பேணப்படுதலும் இவ்வாய்வின் பரிந்துரைகள். 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது அதனைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு பள்ளியில் இருக்குமானால், 2042-இல் அங்கு வரும் ஆசிரியர் கற்பிக்கத் தொடங்குவதற்கு ஒரு பக்கம் ஆயத்தமாக இருக்கும்.